மருந்துப் பையைக் காட்டுங்கோ

வன்னியின் மாங்குளம் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளம் வரைக்கும் ஒரு வீதி போகிறது. 2011ஆம் ஆண்டு மாரி தொடங்குவதற்கு முன், அந்த வீதியிலும் அதிலிருந்து பிரிகிற குளக்கட்டுப் பாதைகளிலும் பன்னிரண்டு நாள் அலைந்தேன். வீதியோரப் பற்றைக்குள் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி எடுத்து முடித்த காணிகளில் தறப்பாள் கொட்டில்கள் முளைத்திருந்தன. சில முற்றங்களில் பழைய வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது; அதன் மேல் அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

மீள்குடியேறிய கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திவந்த நடமாடும் மருத்துவ சேவை முடிவுக்கு வரும் காலம் அது. சேவை எதைச் செய்து முடித்தது, எதைத் தவறவிட்டது என்று பார்த்து எழுதித் தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே வேலை செய்தவர்கள் நல்ல மனிதர்கள். நடந்த பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருபது வருடத்துக்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். சனத்தின் வாயில் 'பி.எச்.ஐ. ஐயா'. கிணற்றுக்குக் குளோரின் போட்டது, மலசலகூடக் குழி அளந்தது, காய்ச்சல்காரரின் விரலில் குத்தி மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தது எல்லாம் யுத்தத்துக்குள்தான். 1990களின் நடுவில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்ததைக் கண்டிருக்கிறேன். ஒரு காலம் வடக்கை ஆட்டிவைத்த மலேரியாவின் கடைசி உள்நாட்டு நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யுத்தம் நடந்த இடத்தில் சுகாதார சேவை என்பதை வெறுங்காணியில் வீடு கட்டுவது போல வெளியிலிருந்து வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வன்னி வெறுங்காணி இல்லை. கூரை போன ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஆனால் கிளினிக் நாள் எது, பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்று விரல்விட்டுச் சொல்லும் தாய்மாரும் இருந்தார்கள். ஒரு தாய் பிள்ளையின் வளர்ச்சி அட்டையை மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தாள். காணி உறுதி போய்விட்டது, அடையாள அட்டை போய்விட்டது. இந்த அட்டை மட்டும் அவளோடு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தது.

முதல் நாள் கிளிநொச்சி அலுவலகத்தில் திரை போட்டுக் காட்டினார்கள். முன்மொழிவில் சொன்ன நோயாளர் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். ஒரு டொக்டர் ஒரு நாளில் 50 பேருக்கு மேல் பார்க்கக்கூடாது என்று மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் கைநூல் சொல்லும். அதையும் பெரும்பாலும் காப்பாற்றியிருந்தார்கள். 10,000 பேருக்கு மூன்று மாதம் என்று கணக்கிட்டுக் கட்டப்படும் சர்வதேச அவசர சுகாதாரப் பெட்டிதான் அவர்களுடைய மருந்துப் பட்டியலுக்கு அடிப்படை. கொடையாளரின் படிவத்தில் வெறுமையாக இருந்த கட்டம் ஒன்றுகூட இல்லை. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பணக்கார நாடுகளின் ஓ.ஈ.சி.டி. அமைப்பு இந்த மதிப்பீட்டு வேலைக்கென்று 1991இல் ஐந்து அளவுகோல்களை வகுத்தது. பொருத்தம், பயனுறுதி, வினைத்திறன், தாக்கம், நிலைத்திருத்தல். 2019இல் ஆறாவதாக ஒத்திசைவைச் சேர்த்தார்கள். அறிக்கையில் அவை தடித்த எழுத்துத் தலைப்புகள். களத்தில் நான் அவற்றை இப்படித்தான் கேட்டுக்கொள்வேன்: இந்த மருந்து இந்தச் சனத்துக்கு வேண்டியதுதானா? அது ஆளின் வயிற்றுக்குள் போனதா? இதைவிடச் செலவு குறைந்த வழி இருந்ததா? சுகம் வந்ததா? வாகனம் நின்ற பிறகு யார் தருவார்?

பதில் திரையில் இருக்காது. ஒரு பதிவை இன்னொரு பதிவோடு மோதவிட்டால்தான் வரும். ரெஜிஸ்டரில் இருந்த கிளினிக் நாட்களை வாகனத்தின் ரன்னிங் சாட்டோடு வரி வரியாக வைத்துப் பார்த்தேன். முந்திய கார்த்திகை, மார்கழியில் வாகனம் உட்பாதைகளுக்கு இறங்கவே இல்லை. குளங்கள் வான் பாய்ந்து பாதை அறுந்திருந்தது. அந்தக் குறையை வீதியோரக் கிராமங்களில் கூடுதல் கிளினிக் வைத்து நிரப்பியிருந்தார்கள். ஆண்டு மொத்தத்தில் பள்ளம் தெரியாது. காய்ச்சலும் வயிற்றோட்டமும் கூடுகிற மாரியில் ஒதுங்கிய கிராமங்களுக்கு மருந்து போகவில்லை என்பது சாரதியின் கையெழுத்தில்தான் இருந்தது.

மருந்து அறையில் இருப்புக் கணக்கு எழுதும் பின் காட்டுகளையும் பார்த்தேன். பரசிட்டமோல் ஏராளம். சலரோகக்காரருக்குக் கொடுக்கும் மெட்போமினில் 'இருப்பு இல்லை' என்ற வரி அடிக்கடி வந்தது. குறித்துக்கொண்டேன். அதன் பொருள் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

கிராமங்களைத் தெரிவுசெய்யும் வேலையை நிறுவனத்திடம் விடக்கூடாது. விட்டால் தார் வீதியும், நல்ல கட்டடமும், பேசத் தெரிந்த சங்கத் தலைவரும் உள்ள கிராமம்தான் வரும். எல்லாப் பெயரையும் துண்டுக் கடதாசியில் எழுதி, வெறும் பனடோல் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கி, சாரதியைக்கொண்டே எடுப்பித்தேன். முதல் துண்டை விரித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சேர், இது சரியான கஷ்டமான பாதை." அங்கேதான் முதலில் போனோம்.

குளக்கட்டுக்குக் கீழே ஒரு பெரிய பாலை மரம். அதன் நிழலில் இரண்டு மேசை, ஒரு தறப்பாள் மறைப்பு, மருந்துப் பெட்டிகள். வாகனம் பத்து மணிக்கு வந்தது. சனம் ஏழு மணிக்கே வந்து கல்லும் கொப்பும் வைத்து வரிசைக்கு இடம் பிடித்திருந்தது. கல் வைத்தவர்கள் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். டொக்டர் இளம்பிள்ளை, பொறுமைசாலி. நான் மருந்து கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணித்தியாலம் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்களில் அரைவாசிப் பேர் சொன்னது ஒரே சொல்: உளைவு. கால் உளைவு, முதுகு உளைவு, தோள் உளைவு. ரெஜிஸ்டரில் அது 'மயால்ஜியா' ஆகி, மாத அறிக்கையில் 'ஏனையவை' என்ற கட்டத்துக்குள் விழுந்தது. மருந்து பரசிட்டமோல். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் டொக்டரின் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்து, "இதிலை பீஸ் கிடக்கு, அமத்திப் பாருங்கோ" என்றார். தோலுக்குக் கீழே செல் துண்டு உருண்டது. ஆபத்தான இடத்தில் இல்லாவிட்டால் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அதை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். சரியான முடிவுதான். ஆனால் அந்த மனிதருக்கு நித்திரையில் அந்தப் பக்கம் புரள முடியாது. 'நித்திரை இல்லை' என்பதற்கு ரெஜிஸ்டரில் நிரலே இல்லை.

பிறகு வீடு வீடாகப் போனோம். 'கடந்த இரண்டு கிழமைக்குள் வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் வந்ததா, எங்கே காட்டினீர்கள்' என்பது வழமையான கேள்வி. காடு பிடித்த காணியைத் துப்புரவாக்கும்போது கணவனைப் புடையன் கடித்த கதையை ஒரு பெண் சொன்னாள். சனிக்கிழமை இரவு, அயலவரின் உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே விஷமுறி மருந்து ஏற்றி ஆள் தப்பிவிட்டார். "கிளினிக் செவ்வாய்க்கிழமை ஐயா. பாம்பு செவ்வாய்க்கிழமை பாத்தே கடிக்கும்?" என்று சிரித்தாள். இரவு வாகனத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற ஒரு தொலைபேசி இலக்கம்கூடத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆனால் 'சேவை எப்படி' என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "நல்லம் ஐயா. குறை ஒண்டுமில்லை." அந்த நாட்களில் யார் கேள்வி கேட்டாலும், எழுதுகிற கொப்பியைக் கண்டாலும், தெருவில் ஒரு சீருடை நின்றாலும் அதுதான் பதில். குறை சொன்னால் வருகிற வாகனமும் நின்றுவிடும் என்ற பயம் வேறு. ஐந்தில் எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் ஐந்து வந்தது. அதை அட்டவணையாகப் போட்டால் அழகாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் பின்னேரம் ஒரு அம்மாவின் கொட்டிலுக்குப் போனோம். அறுபது வயது கடந்தவர், கூட ஒரு பேரப்பிள்ளை. மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சேவை நல்லம் என்றார். பிளேன்ரீ தந்தார். தனக்குச் சீனி போடவில்லை. சலரோகமோ என்று கேட்டேன். ஓம் என்றார். என்ன மருந்து போடுகிறீர்கள், பார்க்கலாமா என்று கேட்டேன். அதைக் கேட்கத் திட்டமிட்டிருக்கவில்லை. பழைய பி.எச்.ஐ. பழக்கம் வாயில் வந்துவிட்டது.

கூரைத்தடியில் தொங்கிய ஒரு சீலைப்பையை எடுத்துப் பாயில் கொட்டினார். பழைய கிளினிக் துண்டுகள், ஒரு ஜீவனிப் பக்கற், பிள்ளையின் பூச்சி மருந்து, மூன்று குளிசைச் சரைகள். ஒரு சரைக்குள் இருந்த மெட்போமின் எல்லாம் பாதி பாதியாக உடைக்கப்பட்டிருந்தது. கத்தியால் நேராக உடைத்த துண்டுகள். தூள்கூட வீணாகாமல் சரையின் மூலையில் கிடந்தது.

"ஏனம்மா உடைச்சு வைச்சிருக்கிறியள்?"

"காலமை ஒண்டு, இரவு ஒண்டு எண்டு இருபத்தெட்டுக் குளிசை தருவினம், ஐயா. ரெண்டு கிழமைக்குக் காணும். வாகனம் வாறது நாலு கிழமைக்கு ஒருக்கா. பாதியாக்கினால் வருமட்டும் காணும்."

எவ்வளவு துல்லியமான கணக்கு. அந்தத் திட்டத்தில் ஒருவரும் போடாத கணக்கு.

அவருடைய கிளினிக் துண்டுகளைத் திகதி வாரியாக அடுக்கினேன். 'சீனி கட்டுப்பாட்டில் இல்லை' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. 'உணவுக் கட்டுப்பாடு பற்றி அறிவுரை வழங்கப்பட்டது' என்றும் இருந்தது. "டொக்டர் பிள்ளை பேசினவ, மாவும் சீனியும் சாப்பிடாதேங்கோ எண்டு" என்றார். கொட்டிலின் மூலையில் நிவாரண மூட்டை இருந்தது. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. ஒரு கை மாவும் சீனியும் கொடுக்க, மறுகை அதைச் சாப்பிடாதே என்று சொல்லி அரை மருந்து கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே இந்த அம்மாவின் பெயர் ரெஜிஸ்டரில் 'சிகிச்சை அளிக்கப்பட்டது' என்ற நிரலில் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் பையைத்தான் முதலில் கேட்டேன். "மருந்துப் பையைக் காட்டுங்கோ." யாரும் பயப்படவில்லை. குறை சொல்லத்தான் பயம். பையைக் காட்ட என்ன பயம்? சலரோகமும் பிறஷரும் உள்ள வீடுகளில் அரைக் குளிசைகள் மறுபடி மறுபடி வந்தன. சிலர் உடைக்கவில்லை; இரண்டு கிழமை முழுதாகப் போட்டுவிட்டு இரண்டு கிழமை சும்மா இருந்தார்கள். ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் ஒரே சரையைப் பங்கிட்டிருந்தார்கள்.

காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால் கெட்ட மனிதர் ஒருவரும் அகப்படவில்லை. அந்த அவசரப் பெட்டி திடீரென்று இடம்பெயர்ந்த சனத்துக்காகக் கட்டப்பட்டது. காய்ச்சல், வயிற்றோட்டம், நெஞ்சுச்சளி, காயம் இவற்றால் மூன்று மாதத்துக்குள் ஆள் சாகாமல் பார்ப்பது அதன் வேலை. நீண்டகால நோய்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் தனிப் பெட்டி கொண்டுவந்தது 2017 அளவில்தான். ஆனால் இலங்கைச் சனம் நெடுங்காலம் வாழ்கிற சனம். முதியோரின் நோய்கள் யுத்தத்துக்கு முன்பே வன்னிக்கு வந்துவிட்டன. மெட்போமின் உள்ளூரில் கொஞ்சம் வாங்கினார்கள். போதவில்லை. மருந்தாளர் எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்று ஆளுக்கு இரண்டு கிழமையாகக் குறைத்தார். நல்ல மனம்தான். குறிகாட்டி 'பார்க்கப்பட்ட நோயாளர் எண்ணிக்கை' என்றிருந்ததால், எத்தனை நாளுக்கு மருந்து கொடுத்தோம் என்று யாரும் கேட்கத் தேவை வரவில்லை.

இது உலகத்துக்குப் புதிது இல்லை. 1994 ஜூலையில் ருவாண்டா அகதிகள் எல்லை தாண்டிக் கோமா நகரில் குவிந்தபோது முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பகுதி வாந்திபேதி. சிகிச்சை நிலையங்கள் இருந்தன, சேலைனும் இருந்தது. டாக்காவின் வயிற்றோட்ட ஆய்வு நிலையத்திலிருந்து போன குழு பார்த்தது வேறு: உடம்பில் இழந்த நீரை ஈடுசெய்யும் வேகம் போதவில்லை, வாயால் கொடுக்கும் கரைசலைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, வாந்திபேதியைக் கண்டு பழகிய கை குறைவு. நோயாளி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சிகிச்சை என்று எண்ணக்கூடாது. அந்தப் பேரழிவுக்குப் பின் பல நாடுகள் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 1996இல் வெளிவந்தது. மனிதாபிமான உதவியைக் கணக்குக் கேட்கும் இந்தத் தொழிலே அதற்குப் பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு வந்த நான்தான் திரைக்கு முன்னால் தலையாட்டினேன்.

கடைசி நாள் கூட்டத்தில் அரைக் குளிசைகளின் படத்தைக் காட்டினேன். யாரும் பேசவில்லை. திட்டப் பொறுப்பாளர் வெளிநாட்டவர், களைத்துப்போனவர், நேர்மையானவர். "நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்கள் முன்மொழிவில் சலரோகம் என்ற சொல்லே இல்லை" என்றார். வந்திருந்த அரச வைத்திய அதிகாரி அதுவரை வாய் திறக்கவில்லை. "எனக்கு உங்கடை வாகனம் வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தர் தங்க ஒரு குவாட்டஸ் கட்டித் தாங்கோ, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ வாங்கித் தாங்கோ. மிஸ் ஊருக்குள்ள இருந்தால் மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றார். சுமார் 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது நாட்டு வழமை. அந்தப் பக்கத்தில் ஒருவர் அதைப்போலப் பல மடங்கு சனத்தைத் தனியே சுமந்துகொண்டிருந்தார்.

பரிந்துரைகளை எளிமையாக எழுதினேன். நீண்டகால நோயாளருக்கு அடுத்த வருகை வரைக்கும் காணும் மருந்து. ஆளுக்கொரு கிளினிக் கொப்பி. பெயர்ப் பட்டியலை மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கையளித்தல். இரவு நேர வாகனத்துக்கு ஒரு இலக்கம். மாரிக்கு முன் உட்கிராமங்களில் மருந்து இருப்பு. முதல் மூன்றையும் செய்தார்கள். மெட்போமின் கூடுதலாக வாங்குவது, இடையில் இன்னொரு முறை வாகனம் ஓடும் டீசலைவிடச் செலவு குறைவு என்று கணக்குக் காட்டிய பிறகுதான் செய்தார்கள். தொண்டர்களாக வைத்திருந்த உள்ளூர்ப் பெண்பிள்ளைகளைத் திட்டம் முடிய என்ன செய்வது என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து வட மாகாணத்துச் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் உட்கார்ந்தபோது அந்தப் பந்திதான் நினைவுக்கு வந்தது.

என் பிழைக்கு வருகிறேன். அறிக்கை கொடுத்தேன், காசு வந்தது, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். 2012இல் வேறொரு அலுவலாக அதே குளக்கட்டால் போக நேர்ந்தது. பாலை மரத்துக்குக் கீழே மேசை இல்லை, ஆடு கட்டியிருந்தது. அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுவிட்டார். இப்போது மாதம் ஒருக்கா பஸ்ஸில் மல்லாவிக்குப் போகிறாராம். அங்கே மாதத்துக்குக் காணும் மருந்து இலவசமாகத் தருகிறார்களாம். பிறகு கேட்டார்:

"அப்ப எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனியளே தம்பி, என்ன முடிவு வந்தது?"

என்னிடம் பதில் இருந்தது. அவருடைய கணக்குத்தான் அந்த அறிக்கையின் மையம். அதை ஜெனீவாவில் யாரோ படித்திருப்பார்கள். அவருக்குச் சொல்ல நான் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. அறிக்கையைத் தமிழில் எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை; நானும் எழுதித் தரவா என்று கேட்கவில்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றுகொண்டு ஒரு வருடம் பிந்திச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கள் உடைச்சுப் போட்டது பிழையில்லைத்தானே?" என்றார். அவ்வளவு காலமும் தான் ஏதோ களவு செய்ததாக நினைத்திருந்திருக்கிறார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுக்கிறேன். புள்ளிவிபரம், மாதிரி எடுப்பு, அளவுகோல் எல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதலாவது: அலுவலகத்தில் திரை போடுவதற்கு முன், குலுக்கி எடுத்த ஒரு கிராமத்தில் ஒரு வீட்டுக்காவது போய் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். இரண்டாவது: பணி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், கேட்ட சனத்திடம் திரும்பிப் போய் முடிவைச் சொல்ல இரண்டு நாளும் வாகனமும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராவிட்டால் எழுதச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் அந்த வேலையை விடுங்கள்.